மகள் ஆப்பிரிக்காவை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாளா? தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள்

வணக்கம் அம்மா. எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் உங்கள் மகள், பருவநிலை மாற்றம் மடகாஸ்கரின் இயற்கையை அதிகம் பாதிக்குமா, போட்ஸ்வானாவின் இயற்கையையா என்று ஒப்பிடப்போகிறாள் என எழுதியிருந்தீர்கள். "பார்க்காத நாட்டைப் பற்றி எழுதினால் யார் வேலை கொடுப்பார்கள்?" என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் தலைப்பு நல்ல தலைப்பு. இரண்டு நாடுகளும் பரப்பில் கிட்டத்தட்ட ஒன்றே, 5.8 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டி. மகர ரேகை இரண்டின் வழியாகவும் செல்கிறது. ஆபத்து வரும் வழிதான் வேறு.

மடகாஸ்கர் ஒரு தீவு. குரங்குக்கு உறவான லெமூர்கள் உட்பட அங்குள்ள பெரும்பாலான உயிரினங்கள் இயல்பாக வேறெங்கும் கிடையாது. வெப்பம் கூடினால் கடல் தாண்டிப் போக முடியாது. தீவுக்குள்ளேயே குளிர்ந்த மேட்டுக்கு நகரலாமென்றால், கிழக்கு மழைக்காடு துண்டுதுண்டாகக் கிடக்கிறது. காட்டை வெட்டி எரித்து நெல் விதைப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதற்கு மேல் புயல்கள்: 2022இல் பட்சிராய், 2023இல் ஃபிரெடி.

போட்ஸ்வானாவில் எல்லாமே தண்ணீரைப் பொறுத்தது. ஒக்கவாங்கோ ஆறு கடலைச் சேர்வதில்லை, கலகாரி மணலில் விரிந்து முடிகிறது. ஆறு பிறக்கும் அங்கோலா நாட்டு மேட்டுநிலத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் மெல்ல வந்து, போட்ஸ்வானாவின் வறண்ட பருவத்தில்தான் சேரும். யானைகள் அந்த நேரத்தில் அதை நம்பியே இருக்கின்றன. போட்ஸ்வானா தன் எல்லைக்குள் எவ்வளவு பாதுகாத்தாலும், அங்கோலாவில் மழை பொய்த்தால் இங்கே காயும். விலங்குகள் இங்கு இடம்பெயர நிலம் உண்டு, ஆனால் கால்நடை நோயைத் தடுக்கப் போட்ட வேலிகள் மறிக்கின்றன.

மகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்: நாடுகளின் ஆபத்தை வரிசைப்படுத்தும் ஏதோ ஒரு குறியீட்டெண்ணை எடுத்துப்போட்டு "இந்த நாட்டுக்குத்தான் ஆபத்து அதிகம்" என்று முடித்தால் நேர்காணலில் நிற்காது. எந்த மாற்றம் வந்து தாக்குகிறது, தாக்கினால் எவ்வளவு சீக்கிரம் குலைகிறது, சமாளிக்க என்ன வசதி இருக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். போட்ஸ்வானாவில் சுமார் 24 லட்சம் மக்கள், வைர வருமானம். மடகாஸ்கரில் ஏறக்குறைய 3 கோடி மக்கள், கடும் வறுமை. எல்லாப் பழியையும் பருவநிலை மீது போடவும் கூடாது. தெற்கு மடகாஸ்கரின் உணவுப் பஞ்சத்தை 2021இல் ஆராய்ந்த விஞ்ஞானிகள், வறுமையும் மழையின் இயல்பான ஏற்ற இறக்கமுமே பெரிய காரணங்கள் என்றார்கள். இப்படிப் பிரித்தறியத் தெரிந்தவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

நேரில் போகாமலே செய்யலாம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1970களிலிருந்தும், சிர்ப்ஸ் மழைத்தரவு 1981 முதலும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை கூகுள் எர்த் எஞ்சின் என்ற இணையத் தளத்திலும் பைத்தான் என்ற நிரல்மொழியிலும் கையாளக் கற்றுக்கொண்டால், அதே கைப்பழக்கம் எந்த நாட்டு நிலத்துக்கும் உதவும். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவசப் பயிற்சி தருகிறது, சேரட்டும். பிற்பாடு மடகாஸ்கரில் பணியாற்ற ஆசையிருந்தால் பிரெஞ்சு வேண்டும். போட்ஸ்வானாவுக்கு ஆங்கிலம் போதும்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். இத்துறையில் முதல் வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், ஐடி சம்பளம் வராது. அதற்கு வீட்டில் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஒன்று கேட்கட்டும்: இரண்டு நாடுகளையும் முழுதாக எடுக்காமல், கிழக்கு மழைக்காட்டையும் ஒக்கவாங்கோவையும் மட்டும் எடுத்தால் போதுமா? ஒரு கல்விப் பருவத்துக்குள் (செமஸ்டர்) உருப்படியாக முடியக்கூடியது அதுதான்.