ஃபோல்டர் எல்லாம் ஷோட்கட் ஆகிவிட்டதா? உடனே ஃபோமட் பண்ணாதீர்கள்

கேள்வி: கல்முனையில் ஓ.எல் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். வினாத்தாள் பிரிண்ட் எடுக்க ஒரு கொமியூனிகேஷன் கடையில் பென் ட்ரைவைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டால் ஃபோல்டர் எல்லாம் ஷோட்கட்டாகக் கிடக்கிறது. இத்தனை வருட வேலையும் அதில்தான். ஃபோமட் பண்ணினால் சரிவரும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் டீச்சர். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கின்றன. பென் ட்ரைவை ரைட் கிளிக் செய்து ப்ரொப்பர்டீஸ் பாருங்கள். ஒவ்வொரு ஷோட்கட்டும் ஒன்றிரண்டு கேபிதான். ஆனாலும் பாவித்த இடம் பழையபடியே இருக்கிறதென்றால், வைரஸ் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷோட்கட் போட்டிருக்கிறது. அதைத் திறந்தால் ஓடுவது வைரஸ்தான். ஏற்கெனவே திறந்திருந்தால் உங்கள் கொம்பியூட்டருக்கும் தொற்றியிருக்கலாம்.

முதலில் விண்டோஸுடன் வரும் வைரஸ் தடுப்பான மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டரில் கொம்பியூட்டர், பென் ட்ரைவ் இரண்டையும் முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே, விண்டோஸின் சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக் ஒன்று இருக்கும். அதையும் எடுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் 'ஒன்றுமே இல்லை' என்று கைவிடுகிறார்கள். ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். சிலவேளை எல்லாம் பெயரில்லாத ஒரே ஃபோல்டருக்குள் கிடக்கும். வேர்ட், பிடிஎஃப், படங்கள் மட்டும் கொம்பியூட்டருக்கு எடுத்து, திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு பென் ட்ரைவை ஃபோமட் செய்யலாம்.

விண்டோஸே 'ஃபோமட் செய்யவா?' என்று கேட்டால் கதை வேறு. கேன்சல் கொடுங்கள், புதிதாக எதையும் அதில் எழுதாதீர்கள். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் மீட்கலாம். மீட்டதை வேறு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும். ஃபைல் பெயர்கள் திரும்பி வராது, உள்ளடக்கம் பெரும்பாலும் வரும்.

இனிக் கடைக்குப் போவதென்றால் அதற்கென்று ஒரு சின்ன பென் ட்ரைவ் வைத்து, பிரிண்ட் எடுக்கும் பிடிஎஃப்பை மட்டும் போட்டுக் கொடுங்கள். (பரீட்சைக்கு முன்பே வினாத்தாள் கடைக் கொம்பியூட்டரில் தங்குவதையும் யோசியுங்கள். அதை அழிக்கச் சொல்லிக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.)

பென் ட்ரைவிலிருந்தே வேர்ட் ஃபைலைத் திறந்து திருத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சேமிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால், அல்லது யாராவது இழுத்துவிட்டால், அந்த ஃபைல் கெட்டுவிடலாம். டெஸ்க்டொப்புக்கு எடுத்துத் திருத்தி, திரும்பக் கொப்பி பண்ணுங்கள். 2018 ஒக்டோபர் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10இல் 'இஜெக்ட்' கொடுக்காமல் கழற்றலாம் என்பது உண்மைதான். அதுவும் எழுதி முடிந்த பிறகுதான். நான் இன்றைக்கும் இஜெக்ட் கொடுத்து, லைட் மினுங்குவது நின்ற பிறகே கழற்றுவேன்.

வினாத்தாள்கள் ஒரே பென் ட்ரைவில் இருந்ததுதான் பெரிய ஆபத்து. ஒரு கொப்பி கொம்பியூட்டரில், இன்னொன்று எக்ஸ்டெர்னல் ஹாட் டிஸ்கில், மூன்றாவது கூகுள் ட்ரைவில் இருக்கட்டும். அங்கே இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி வேர்ட் ஃபைல்களுக்குத் தாராளம். மார்கழி வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் லப்டொப்பும் ஹாட் டிஸ்கும் சேர்ந்தே நனையும். அதனால் ஹாட் டிஸ்கை மேட்டில் இருக்கும் உறவினர் வீட்டில் வைத்தாலும் நல்லது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அசைக்காதீர்கள்; உள்ளே தட்டு சுழல்கிறது.

புதிது வாங்கும்போது, மலிவு விலையில் '2 டிபி' என்று விற்கும் பென் ட்ரைவை நம்பாதீர்கள். உண்மைக் கொள்ளளவு முடிந்த பிறகும் ஃபைல் ஏறியதாகவே காட்டும், திறக்காது. வாங்கிய அன்றே முழுக்க நிரப்பி, ஃபைல்களைத் திறந்து பாருங்கள். சரியில்லையென்றால் பில்லோடு கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.