எரிவாயுவில் ஓடும் துணி உலர்த்தி சில நேரம் மட்டும் சூடாகிறது. கட்டுப்பாட்டுப் பலகையை மாற்ற வேண்டுமா?

சுங்கை சிப்புட்டில் சலவைக் கடை நடத்தும் ஓர் அக்கா கேட்டிருக்கிறார். காலையில் முதல் சுற்றுத் துணி நன்றாகக் காய்கிறதாம். இரண்டாவது, மூன்றாவது சுற்றில் உருளை சுற்றுகிறது, காற்றும் வருகிறது, சூடு மட்டும் இல்லை. சற்று நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி சூடாகிறது. பழுது பார்க்க வந்தவர் கட்டுப்பாட்டுப் பலகையை மாற்றச் சொல்லிவிட்டார்.

அக்கா, அந்தப் பலகைக்கு இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்துவிட்டு, இப்போது பேராக் பக்கம் சலவை இயந்திரங்களைப் பழுது பார்த்து வருகிறேன். நீங்கள் சொல்லும் அடையாளம் எனக்கு நன்றாகப் பழக்கமானது. ஆறியிருக்கும்போது வேலை செய்து, சூடேறியதும் மக்கர் செய்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எரிவாயு வால்வின் மேல் உட்கார்ந்திருந்து, மின்சாரம் பாய்ந்ததும் காந்தமாகி வால்வைத் திறக்கும் சொலினாய்டு சுருள்களைத்தான்.

சிறிய வகை உலர்த்திகளில் அடுப்பு பற்றும் முறை இதுதான். தீ எரியும் பர்னருக்கு அருகில் இக்னைட்டர் என்ற குச்சி மின்சாரத்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறது. அதன் வெப்பத்தைப் பக்கத்திலுள்ள சென்சார் உணர்ந்து தன் மின் தொடர்பைத் துண்டிக்கிறது. அப்போது சுருள்களுக்கு மின்சாரம் போய், வால்வு திறந்து, எரிவாயு வந்து பற்றிக்கொள்கிறது. சுருளுக்குள் இருப்பது மயிரிழை போன்ற செப்புக் கம்பி. பழைய சுருளில் அது சூட்டில் விரிந்து, எங்கோ ஓரிடத்தில் தொடர்பு விட்டுப்போகிறது. ஆறினால் மறுபடி சேர்ந்துகொள்கிறது. காலையில் காய்வதும் மதியம் ஏமாற்றுவதும் இதனால்தான்.

ஊகத்தை நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள். பர்னருக்கு நேரே ஒரு சிறு பார்வைத் துளை இருக்கும். இல்லையென்றால் கீழ்த் தகட்டைக் கழற்றினால் தெரியும். உள்ளே பெல்ட் சுழலும், கையை நீட்டக் கூடாது. சூடு நின்றுபோன அந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும். நன்றாக ஓடும்போது பார்த்துப் பயனில்லை. குச்சி ஒளிர்ந்து, பிறகு அணைந்து, தீ பற்றாமல், சிறிது நேரம் கழித்து மறுபடி ஒளிர்கிறதா? அப்படியானால் சுருள்தான், அல்லது எரிவாயு வந்து சேரவில்லை. குச்சி ஒளிர்ந்தபடியே அணையாமல் நின்றால், சென்சாரின் தொடர்பு துண்டிக்காமல் ஒட்டிக்கொண்டுவிட்டது. குச்சி ஒளிரவே இல்லையென்றால், வெப்ப வரம்புத் தெர்மோஸ்டாட் (சூடு எல்லை மீறினால் அடுப்பை அணைக்கும் பாகம்), சென்சார் அல்லது இக்னைட்டர் பக்கம் தேட வேண்டும். நல்ல உலர்த்தியிலும் வெப்பம் போதுமான அளவை எட்டியதும் தீ அணைந்து, குறைந்ததும் மீண்டும் பற்றும். அதைப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள்.

சுருளை மீட்டர் வைத்து அளப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. ஆறிய இயந்திரத்தில் அளந்தால் ஓம் கணக்கு, அதாவது மின்தடை, சரியாகவே காட்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுருள் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். மாற்றும்போது எல்லாச் சுருள்களையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்று போனால் மற்றதற்கும் வயதாகியிருக்கும். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பழைய சுருளில் அச்சிட்ட வோல்ட்டைப் படித்துப் பார்த்து அதே வகையை வாங்குங்கள். பலகையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைந்த செலவு.

உங்களுடையது பொறி தட்டிப் பற்றும் பெரிய இயந்திரமாக இருந்தால், இந்தக் கதை பொருந்தாது. அங்கே தீயை உணரும் கம்பியில் படிந்த கரியையும் எர்த் இணைப்பையும் முதலில் பார்க்க வேண்டும்.

எரிவாயு வந்து சேராதது பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் வெயிலே தலைகாட்டாத நாட்களில், தீபாவளி நெருக்கத்தில், பிளாட் வீடுகளிலிருந்து திரைச்சீலை, போர்வை, பள்ளிச் சீருடை எல்லாம் உங்கள் கடைக்குத்தான் வரும். தோட்டத்து லயத்தில் கொடி கட்ட முற்றம் இருந்தது. பிளாட்டில் அந்த இடம் ஏது? எல்லா உலர்த்திகளும் ஒரே நேரத்தில் எரியும்போது, எரிவாயுத் தோம்புக்குள் (சிலிண்டருக்குள்) திரவம் வேகமாக ஆவியாகித் தோம்பே குளிர்ந்துவிடும், அழுத்தம் இறங்கும். வெளிப்பக்கம் பனித்து நீர் வழிகிறதா என்று பாருங்கள். எல்லா இயந்திரங்களும் ஒன்றாகச் சோர்ந்தால் அது தோம்பின் குறை, ஒன்று மட்டும் சோர்ந்தால் அந்த இயந்திரத்தின் குறை. குளிர்ந்த தோம்பின் மேல் வெந்நீர் ஊற்றுவது, அடியில் நெருப்பு காட்டுவது போன்றவற்றை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பஞ்சுத் தூசியையும் மறக்காதீர்கள். வெளியே போகும் குழாயின் வாயில் கையை வைத்துப் பாருங்கள், காற்று பலமாக அடிக்க வேண்டும். அடைத்திருந்தால் உள்ளே வெப்பம் தேங்கி, வரம்புத் தெர்மோஸ்டாட் அடுப்பை அணைத்துவிடும், ஆறியதும் விட்டுவிடும். இதுவும் வந்து வந்து போகும் சூடுதான். ஆனால் அந்நேரம் குச்சி ஒளிராது. சிலர் அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கம்பி போட்டு இணைத்து ‘சரி’ செய்துவிடுகிறார்கள். கடையையே கொளுத்தக்கூடிய வேலை அது. அப்படிச் செய்பவரை மறுபடி கூப்பிடாதீர்கள். ஆலைத் தொழிலாளிகளின் எண்ணெய் ஏறிய சட்டைகளைச் சரியாக வெளுக்காமல் உலர்த்தியில் போட்டாலும், சூட்டோடு குவித்து வைத்தாலும் தானாகவே தீப்பற்ற வாய்ப்பு உண்டு. உங்கள் ஊரில் அந்தத் துணி நிறைய வரும் என்பதால் சொல்கிறேன்.

சுருளை மாற்ற எரிவாயுக் குழாயைப் பிரிக்கத் தேவையில்லை. மின்சாரத்தையும் எரிவாயுவையும் அடைத்துவிட்டு, வேலை தெரிந்தவர் வால்வின் மேலிருந்தே கழற்றி மாட்டிவிடுவார். குழாயிலோ வால்விலோ கைவைக்க வேண்டி வந்தால், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று உங்கள் கண் முன்னே காட்டச் சொல்லுங்கள்.