சிங்கப்பூர் சேர்வரின் திரை வெள்ளவத்தையில்: எந்த வழி நல்லது?

கேள்வி: எங்கள் கணக்கு மென்பொருள் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த உபுண்டு சேர்வரில் ஓடுகிறது. ரேம் 2 ஜிபி. கொழும்பு வெள்ளவத்தை வீட்டிலிருந்து விண்டோஸ் மடிக்கணனியில் அதன் திரையைத் திறந்து வேலை செய்யவேண்டும். தொலைவிலுள்ள கணனியின் திரையைக் காட்டும் விஎன்சி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம், எக்ஸ்ஆர்டிபி போடுங்கள். விண்டோஸில் உள்ள ரிமோட் டெஸ்க்டொப்பிலிருந்தே லினக்ஸ் திரையைத் திறக்க விடும் மென்பொருள் அது. பழைய விஎன்சி முறை கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளைத்தான் பார்க்கும். திரையும் தட்டச்சும் குறியாக்கம் இல்லாமலே போகும். வாடிக்கையாளர் கணக்கை அப்படி அனுப்பவே கூடாது.

எஸ்எஸ்எச் (சேர்வருக்குள் குறியாக்கத்தோடு நுழையும் வழி) வழியாக ஒரு ஜன்னலை மட்டும் எடுக்கும் எக்ஸ் ஃபார்வர்டிங்கும் உங்களுக்குச் சரிவராது. பெரிய டேட்டா பேக்கேஜ் வாங்கியும் மெனு இழுபடுகிறது என்பார்கள். சிக்கல் வேகத்தில் இல்லை, போய்வரும் நேரத்தில். ஒருமுறை போய்வர 50 மில்லிசெக்கன் என்று வையுங்கள். மெனு திறக்குமுன் மென்பொருள் 40 தடவை கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் 2 செக்கன் போய்விடும். எக்ஸ்ஆர்டிபியில் அந்தக் கேள்வி-பதில் சேர்வருக்குள்ளேயே முடிந்து, மாறிய படம் மட்டும் உங்களிடம் வரும்.

2 ஜிபிக்கு உபுண்டுவின் வழக்கமான டெஸ்க்டொப்பான க்னோம் பாரம். இலகுவான எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டொப்பையும் எக்ஸ்ஆர்டிபியையும் நிறுவி, அது சான்றிதழ்ச் சாவியைப் படிக்க, எக்ஸ்ஆர்டிபி (xrdp) என்ற சேவைப் பயனரை எஸ்எஸ்எல்-செர்ட் (ssl-cert) குழுவில் சேருங்கள். உள்நுழைந்ததும் வெறும் திரை வந்தால், எக்ஸ்எஃப்சிஇ செஷனைத் தொடங்கும் வரி உங்கள் ஹோமில் உள்ள எக்ஸ்செஷன் (.xsession) கோப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதே பயனர் வேறு வழியில் டெஸ்க்டொப் திறந்து வைத்திருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள்: வாடகைச் சேர்வரின் பயனருக்குப் பெரும்பாலும் எஸ்எஸ்எச் சாவி மட்டுமே இருக்கும், கடவுச்சொல் இருக்காது. எக்ஸ்ஆர்டிபி கடவுச்சொல் கேட்கும். முதலில் அதை வைத்துவிடுங்கள், நீளமாக வையுங்கள்.

எக்ஸ்ஆர்டிபி இணைப்பு வரும் வாசலான 3389 போர்ட்டை வெளியே திறக்காதீர்கள். ஃபயர்வாலில் எஸ்எஸ்எச்சின் 22 மட்டும் போதும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எஸ்எஸ்எச் வரும். அதில் மடிக்கணனியின் 13389ஐச் சேர்வரின் 3389க்குச் சுரங்கமாக இணையுங்கள். பிறகு ரிமோட் டெஸ்க்டொப்பில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 13389 என்று கொடுங்கள். மடிக்கணனிப் பக்கத்திலும் 3389ஐயே போட்டால் விண்டோஸ் தன் சொந்தப் போர்ட்டோடு குழம்பும்.

நிற ஆழத்தை 16 பிட்டுக்குக் குறைத்தால் டேட்டா மிச்சம். ஆனால் ஒன்றைத் தெரிவுசெய்தால் அதையே வைத்திருங்கள். இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலேயே திரை திரும்பும்; நிற ஆழம் மாறியிருந்தால் புதிய செஷன் திறக்கும், பாதியில் விட்ட பதிவு பழைய செஷனில் கிடக்கும்.