ஓடை வெள்ளத்துக்கு ஆய்வு கோருதல்: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஓடைக்கரைகளில் குடியிருக்கும் வாசகர்கள், வெள்ளத் தடுப்புத் திட்டங்களை ஆராய்ந்து கட்டும் கூட்டாட்சி அமைப்பான ராணுவப் பொறியாளர் படையிடம் ஆய்வு கோருவது குறித்து அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கமே ராணுவப் பொறியாளர் படைக்கு விண்ணப்பிக்கலாமா, ஐயா?

கடிதம் எழுதத் தடையில்லை. ஆனால் அதை வைத்து ஆய்வு தொடங்காது. 1948ஆம் ஆண்டின் வெள்ளத் தடுப்புச் சட்டம் 205ஆம் பிரிவின்கீழ் சிறு திட்டங்களுக்கான ஆய்வு வேண்டுமானால், செலவில் பங்கேற்கவும், நிலம் எடுத்துத் தரவும், கட்டி முடித்தபின் பராமரிக்கவும் சட்டப்படி அதிகாரம் பெற்ற நகராட்சியோ, கவுன்டியோ (மாநிலத்துக்குள் அடங்கிய உள்ளாட்சிப் பகுதி), வெள்ளத் தடுப்புக்கென்றே அமைந்த உள்ளூர் அமைப்போதான் கோர வேண்டும். ஆகவே உங்கள் மனு முதலில் போக வேண்டிய இடம் நகர மன்றம்.

கேள்வி: செலவு யாருடையது?

ஆய்வின் முதல் 1,00,000 டாலர் கூட்டாட்சி அரசுடையது. அதற்கு மேற்பட்டதை இரு தரப்பும் பாதிப் பாதியாக ஏற்கும். கட்டுமானத்தில் உள்ளூர் அமைப்பின் பங்கு பொதுவாக 35 விழுக்காடு. நகர மன்றங்கள் தயங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கைப் பார்த்துத்தான்.

கேள்வி: எங்கள் தெருவை ஒட்டி ஒரு சுவர் கட்டினால் போதுமே, முழு நீர்ப்பிடிப்புப் பகுதியையும் ஏன் ஆராய வேண்டும்?

கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கிட்டோ ஓடையைப் பாருங்கள். சான் மட்டேயோ, சான்டா கிளாரா கவுன்டிகளின் எல்லையாக ஓடும் அது, 1998 பிப்ரவரியில் பாலோ ஆல்ட்டோ, மென்லோ பார்க், ஈஸ்ட் பாலோ ஆல்ட்டோ ஆகிய மூன்று நகரங்களிலும் புகுந்தது. போப்-சாசர் பாலத்தின் குறுகிய வாய் தாங்காததால் தண்ணீர் கரை மீறியது. அப்படியானால் பாலத்தை உடனே இடித்து அகலப்படுத்த வேண்டியதுதானே என்று தோன்றும். அவ்வாறு செய்திருந்தால், அதுவரை மேலே தேங்கிய தண்ணீர் முழுவதும் கீழே, வசதி குறைந்த ஈஸ்ட் பாலோ ஆல்ட்டோ பக்கம் போயிருக்கும். எனவே 1999இல் அந்நகரங்களும் இரு கவுன்டிகளின் வெள்ளத் தடுப்பு அமைப்புகளும் சேர்ந்து ஒரு கூட்டு ஆணையத்தை ஏற்படுத்தின. ஓடை சேரும் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து 101ஆம் நெடுஞ்சாலை வரையிலான கீழ்ப்பகுதியை முதலில் அகலப்படுத்தி, 2018இல் முடித்தார்கள். பாலம் அப்படியே நின்றதால் 2022 டிசம்பர் 31 அன்று ஓடை மறுபடியும் கரை மீறியது உண்மைதான். ஆயினும் கீழிருந்து மேலே போகும் அந்த வரிசை சரியானதென்றே நான் கருதுகிறேன். தனித்தெருவுக்குச் சுவர் கேட்கும் மனு, எதிர்க்கரைக்காரரின் எதிர்ப்பு மனுவையும் கூடவே அழைத்து வரும்.

கேள்வி: எங்கள் பகுதியில் தண்ணீர் ஓடையிலிருந்து வருவதில்லை; சாலை வடிகால் அடைத்துக்கொள்கிறது. இதற்கும் கேட்கலாமா?

இயலாது. அது நகராட்சியின் மழைநீர் வடிகால் பிரச்சினை. ஓடையாகவே இருந்தாலும், பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தில் நொடிக்கு 800 கன அடிக்குக் குறைவாக ஓடும் சிற்றோடைகளைப் பொறியாளர் படை பொதுவாக ஏற்பதில்லை.

கேள்வி: மனுவுடன் எதை இணைப்பது?

சுவரில் படிந்த சேற்றுத் தடத்தை, வாசற்படியிலிருந்து அளவு நாடா வைத்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். நாளையும் நேரத்தையும் குறியுங்கள். பழுதுபார்த்த ரசீதுகள், காப்பீட்டுக் கோரிக்கைகள், வீடு கட்டிய ஆண்டு ஆகியவற்றையும் சேருங்கள். தவிர்க்கப்படும் சேதம் திட்டச் செலவை மிஞ்சுகிறதா என்பதே தீர்ப்பு என்பதால், இழப்பைப் பணக்கணக்கில் காட்டும் தாள்களுக்கு மதிப்பு அதிகம். நூறாண்டு வெள்ளப்பரப்பில் (எந்த ஓராண்டிலும் நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம் மூழ்கடிக்கும் இடம்), அந்த வெள்ளமட்டத்துக்குக் கீழே தரைத்தளம் அமைத்து 1991 ஜூலை 1க்குப் பிறகு கட்டிய வீடுகளின் சேதம் அக்கணக்கில் சேராது. புதுக் குடியிருப்புக்காரர்கள் இதை முதலிலேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது.