வாசகர் கேள்வி: சின்ன மென்பொருள் நிறுவனத்தில் ஒரு வேலைநாள்

சிறு கிளினிக்குகளில் நோயாளிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுக்க உதவும் மென்பொருளைத் தயாரிக்கும் எட்டுப் பேர் நிறுவனம் ஒன்றின் நிறுவனர், இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: வணக்கம் மேடம். உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்? மணிக்கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

என் நாள் கிளினிக்குகள் திறக்கும் நேரத்தைப் பொறுத்தது. கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் எங்கள் சர்வருக்கு அதிகச் சுமை. வரவேற்பில் இருப்பவர் ஒரு கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டே எதிரில் நிற்பவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் திரை அசையாமல் நின்றால் திட்டு வாங்குவது அவர்தான். அதனால் அவர் வந்து உட்காரும் முன்பே, ஏழரை மணிக்கு, சில விஷயங்களைப் பார்த்துவிடுவேன். இரவு பேக்கப் (தகவல்களை நகலெடுத்து வைப்பது) முடிந்ததா, இன்றைய நோயாளிகளுக்கு நினைவூட்டல் எஸ்எம்எஸ் போனதா, எரர் பட்டியலில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா, சர்வரில் இடம் போதுமா. இருபது நிமிட வேலை. மின்னஞ்சலை அப்போது திறக்க மாட்டேன்.

எட்டு முதல் பதினொன்று வரை ஒரே ஒரு வேலை. பெரும்பாலும் கோடிங். சில நாள் ஒரு புதிய வசதி எப்படி இருக்க வேண்டும் என்று தாளில் வரைந்து பார்ப்பேன். பதினொன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை வாடிக்கையாளர் கடிதங்கள். பேச வேண்டிய வேலைகள் எல்லாம் மதியத்துக்கு மேல்தான். டெமோ, நேர்காணல், குழுவில் யாராவது ஒரு பிரச்சினையில் சிக்கியிருந்தால் அவரோடு உட்காருவது எல்லாம் அதில் அடக்கம். நான்கு மணிக்கு மற்றவர்கள் எழுதிய நிரலை ரிவ்யூ செய்வேன், அதாவது படித்துச் சரிபார்ப்பேன். இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளவே மாட்டேன். என் ரிவ்யூவுக்காக ஒருவர் காத்திருந்தால் அவருடைய நாளும் அங்கேயே நின்றுவிடும். ஐந்தரைக்கு மறுநாள் வேலைக்கான குறிப்பு எழுதிவிட்டு, ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடிவிடுவேன்.

கேள்வி: நானும் என் நண்பனும் மட்டும்தான் எங்கள் நிறுவனத்தில். சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் எங்களுக்குக் கிடைப்பதே இல்லை. ஃபோன் வந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

மூன்று மணி நேரம் இப்போதைக்கு வேண்டாம், ஒன்றரை மணி நேரத்தில் தொடங்குங்கள். இரண்டு பேர் இருப்பதே நல்ல வசதி. இன்று காலை ஃபோன் முழுக்க உங்கள் நண்பரிடம், நாளை உங்களிடம். யாரிடம் ஃபோன் இல்லையோ அவரை மற்றவர் கூப்பிடக் கூடாது. எதற்கெல்லாம் கூப்பிடலாம் என்று முன்பே எழுதி வையுங்கள். எங்களிடம் மூன்றே காரணங்கள். கிளினிக்கால் லாகின் செய்ய முடியவில்லை, ஒருவரின் விவரம் இன்னொருவருக்குத் தெரிகிறது, நினைவூட்டல் போகவில்லை. மற்றது எதுவானாலும் பதினொரு மணிக்கு.

இன்னொரு பழக்கமும் முக்கியம். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, அடுத்த வேலையும் கெடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் எழுதினார். பின்னர் 2018-இல் அவரும் தெரசா குளோம்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு மருந்தும் இருந்தது. எழுந்து போகும் முன், எதுவரை வந்தேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன் என்று சில வரிகள் எழுதிவிட்டுப் போனால் இந்தப் பாதிப்பு குறைகிறது. என் ஐந்தரை மணிக் குறிப்பும் இதேதான். "அப்பாயின்ட்மென்ட் மாற்றும் டெஸ்ட் இன்னும் ஃபெயில் ஆகிறது. நேர மண்டலக் கணக்கை முதலில் பார்" என்ற அளவுக்குத் திட்டவட்டமாக இருக்கும். "மீதியை முடிக்கவும்" என்று எழுதி வைத்தால் மறுநாள் காலை அதனால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி: இன்னும் நீங்களே வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு ஒரு ஆளை வைத்துவிட்டு, அந்த நேரத்தை வளர்ச்சிக்குச் செலவிடலாமே?

என் நாளில் நான் மிகவும் மதிக்கும் நேரம் அதுதான். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு கிளினிக்கின் வரவேற்பாளர், "அப்பாயின்ட்மென்டை ரத்து செய்ததும் நோயாளி பட்டியலிலிருந்து காணாமல் போகிறார், இது பக்" என்று, அதாவது மென்பொருளில் பிழை என்று, எழுதியிருந்தார். அதே நாளில் வேறொரு கிளினிக்கின் மருத்துவர், ரத்தானவர்களின் மாத ரிப்போர்ட் வேண்டும் என்று கேட்டிருந்தார். இவை இரண்டு வேறு ஆட்களிடம் போயிருந்தால் ஒன்று பக் பட்டியலிலும், மற்றொன்று புது வசதிகள் பட்டியலிலும் ஏறியிருக்கும்.

இருவருக்கும் நான் ஒரே கேள்வியைத் திருப்பி எழுதினேன்: "இப்போதைக்கு இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" இரண்டு இடத்திலும் ரத்தானவர்களின் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, மாலையில் கூப்பிட்டு வேறு நேரம் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ரிப்போர்ட் இல்லை. ரத்தான பெயர் அதே இடத்தில் கோடு போட்டபடி நிற்க வேண்டும், ஃபோன் எண் பக்கத்திலேயே தெரிய வேண்டும், அந்த நேரம் மட்டும் அடுத்தவருக்குத் திறக்க வேண்டும். ரிப்போர்ட் பக்கம் கட்டுவதைவிட இது பல மடங்கு சின்ன வேலை. நோட்டும் போனது.

அந்தக் கேள்வி இல்லாமல் நான் அனுப்பும் பதில் மிகவும் குறைவு. கேட்பவர் தனக்குத் தெரிந்த தீர்வைத்தான் கேட்பார், அவர் படும் பாடு அவருடைய பதிலில்தான் வெளியே வரும். அப்புறம், எந்தக் கடிதத்திலும் தேதி வாக்குக் கொடுப்பதில்லை. செய்வோமா மாட்டோமா என்பதை மட்டும் நேராகச் சொல்லிவிடுவேன். "மாட்டோம்" என்று காரணத்தோடு எழுதினால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

எங்கள் பொறியாளர்களும் முறை வைத்து ஆளுக்கொரு நாள் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்கள். ஒரு பட்டனால் எத்தனை பேர் குழம்புகிறார்கள் என்று நேரில் படித்தவரிடம் அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: தினசரி மீட்டிங் வைக்கிறீர்களா?

இல்லை. மென்பொருள் குழுக்கள் பின்பற்றும் ஸ்க்ரம் என்ற வேலை முறையில் அதற்கு 15 நிமிடம் என்று வரம்பு இருந்தாலும், நடுக்காலையில் வைத்தால் அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து எல்லோருடைய காலையும் உடைந்துவிடுகிறது. நாங்கள் மாலையில் ஆளுக்கு நான்கு வரி எழுதிவிடுகிறோம். பேச வேண்டியவர்கள் மட்டும் மறுநாள் மதியம் பேசுகிறார்கள்.

கேள்வி: கணக்கு வழக்கை எப்போது பார்ப்பீர்கள்?

புதன் மதியம். கையிருப்பு இன்னும் எத்தனை மாதம் தாங்கும், எத்தனை வாடிக்கையாளர்கள் விலகினார்கள், இந்த இரண்டும்தான் முதலில். இரண்டாவதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். மாதம் 3 சதவீதம் பேர்தானே போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் அப்படியே போனால், ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த 100 பேரில் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 69 பேர்தான் மிஞ்சுவார்கள். விலகியவர்களிடம் அந்த வாரமே நான் பேசிவிடுவேன்.

கேள்வி: ரிலீஸ் எப்போது? வெள்ளிக்கிழமை மாலை புதிய பதிப்பைப் போடக் கூடாது என்கிறார்களே?

நாங்களும் போடுவதில்லை. செவ்வாய் அல்லது புதன் மதியம், கிளினிக்குகளில் கூட்டம் குறைந்த நேரத்தில் போடுவோம். ஏதாவது உடைந்தால் சரிசெய்ய எல்லோரும் விழித்திருப்பார்கள். புதிய வசதியை முதலில் சில கிளினிக்குகளுக்கு மட்டும் திறந்துவிட்டு இரண்டு நாள் கவனிப்போம்.

இதைவிட நான் கவலைப்படுவது பேக்கப் பற்றி. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பல வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும், தேவைப்பட்டபோது அவற்றில் பல வேலை செய்யவில்லை. சில மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரத் தகவல் போனது. நடந்ததை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள், அதற்காக அவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை. மாதம் ஒரு மதியம், வெறும் சர்வர் ஒன்றில் எங்கள் பேக்கப்பை முழுவதுமாக மீட்டுப் பார்ப்பதை நாளட்டவணையில் சேர்த்திருக்கிறேன். அந்த மதியத்தில் டெமோ கேட்டு யார் வந்தாலும் வேறு நாள்தான்.

கேள்வி: ஆள் கூடினால் இந்த ஒழுங்கு தாங்குமா?

அப்படியே தாங்காது. எட்டுப் பேரில் இருவர் இருவராகப் பேச 28 இணைகள் உண்டு. பன்னிரண்டு பேரானால் 66. ஆள் பாதி கூடினால் பேச்சு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். அதனால்தான் முடிவுகளை எழுதி வைக்கும் பழக்கத்தை இப்போதே வளர்க்கிறோம். என் வேலையில் முதலில் கைமாறப் போவது டெமோ. குழுவில் கடிதங்களுக்கு மிக நன்றாகப் பதில் எழுதும் ஒருவர் அதை எடுத்துக்கொள்கிறார். முதலில் சில வாரம் நான் பக்கத்தில் இருந்து கேட்பேன், அப்புறம் அவரே தனியாகச் செய்வார். காலியாகும் மதியங்களில் பாதியைப் புதிதாக வருபவர்களோடு உட்கார ஒதுக்கியிருக்கிறேன்.