கடல் நச்சுகளில் எது எவ்வளவு கடுமை என்று எப்படி அளக்கிறார்கள்?

நச்சேறிய சிப்பியில் ஒரே நச்சு மட்டும் இருப்பது அபூர்வம். ஒரே குடும்பத்து நச்சுகள் பல கலந்திருக்கும். அதனால் சாக்ஸிடாக்ஸின் என்ற நச்சின் கடுமையை 1 என்று வைத்து, மற்றவற்றுக்கு அதோடு ஒப்பிட்டு எண் தருகிறார்கள். இதுதான் நச்சுச் சமன் எண்.

எண் ஏன் வேறுபடுகிறது? இவை நரம்புச் செல்லில் சோடியம் நுழையும் வாசலை அடைக்கின்றன. மூலக்கூறில் சின்ன மாற்றம் இருந்தாலும் அடைப்பின் இறுக்கம் மாறிவிடும்.

மதுரைச் சமையலறையில் யோசியுங்கள். குழம்பில் காந்தாரியும் குண்டு மிளகாயும் கலந்து கிடக்கின்றன. காரத்தை மிளகாய் எண்ணிக்கையால் சொல்ல முடியுமா? ‘இத்தனை காந்தாரிக்குச் சமம்’ என்று மாற்றித்தான் கூட்ட வேண்டும்.

ஒரு கிலோ சிப்பிச் சதையில் சாக்ஸிடாக்ஸின் 500 மைக்ரோகிராம், அதே குடும்பத்து நச்சான கோனியாடாக்ஸின்-2 என்பது 1000 மைக்ரோகிராம் என்று வைப்போம். பின்னதன் எண் 0.4. ஆக 500 + 400 = 900. பல நாடுகளில் வரம்பு 800. சரக்கு விற்பனைக்கு ஆகாது.

எண்கள் பெரும்பாலும் எலிச் சோதனையில் வந்தவை. ஊசியில் ஏற்றினால் ஒன்று, வாய்வழி கொடுத்தால் வேறொன்று வரும். சாப்பாட்டு விஷயத்துக்கு வாய்வழிக் கணக்கே பொருத்தம் என்பேன்.

அப்புறம், ‘நன்றாகக் கொதிக்க வைத்தால் போதும்’ என்பது தவறு: சாக்ஸிடாக்ஸின் சமையல் சூட்டில் அழியாது, ருசியிலும் தெரியாது.