லேசரால் அறுவைக் காயத்தை ஒட்டினால் திசு கருகாதா?

தையலுக்குப் பதில் லேசரால் வெட்டுக்காயத்தை மூடினால் திசு கருகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சூட்டை அளந்து கட்டுப்படுத்தாவிட்டால் கருகத்தான் செய்யும், ஆகவே இம்முறையின் உயிர்நாடி லேசரைவிட அதன் வெப்ப அளவீடுதான் என்பேன். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் காட்சிர் குழுவினர் உருவாக்கிய முறையில், காயத்தின் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, மேலே அல்புமின் புரதக் கரைசலைத் தடவி, அகச்சிவப்பு ஒளியைக் கடத்தும் மெல்லிய வெள்ளி ஹாலைடு ஒளியிழை வழியாகக் கார்பன் டை ஆக்சைடு லேசரைச் செலுத்துகிறார்கள். சூடான இடம் உமிழும் அகச்சிவப்புக் கதிரை இன்னோர் இழை உணர்கருவிக்குக் கொண்டுசெல்ல, வெப்பநிலை ஏறக்குறைய 65 டிகிரி செல்சியசில் நிற்கும்படி லேசரின் திறன் உடனுக்குடன் மாற்றப்படுகிறது. வாணலியில் முட்டையின் வெள்ளைக்கரு வெளுத்து இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள். அல்புமினும் அப்படியே இறுகி விளிம்புகளைப் பற்றிக்கொள்கிறது. இந்த லேசரைத் திசுவின் நீர் மேலடுக்கிலேயே உறிஞ்சிக்கொள்வதால், ஆழமான காயங்களுக்கு உள்தையல் தேவைப்படும்.